45 நிமிட வகுப்பு இரண்டு, குழந்தைகள் 24: எந்தக் கறுப்பின ஓவியரை எடுப்பது?

மேரிலாந்தில் என் மகள் படிக்கும் மூன்றாம் வகுப்புக்கு ஓவிய நேரத்தில் உதவப் போகும் பெற்றோர்களில் நானும் ஒருத்தி. பிப்ரவரி அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். இந்த வருடம் எனக்குக் கொடுத்திருப்பது 45 நிமிடம் வீதம் இரண்டு வகுப்பு. குழந்தைகள் 24 பேர், கை கழுவ ஒரே ஒரு தொட்டி. எந்த ஓவியரை எடுப்பது, பிள்ளைகள் என்ன செய்வது என்பதை நான்தான் முடிவு செய்து ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். இதே வேலை உங்கள் கையிலும் வந்து சேர்ந்திருக்கலாம் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

போன வருடம் நான் பாஸ்கியாவை எடுத்தேன். ஜான்-மிஷெல் பாஸ்கியா என்ற ஓவியர் தன் படங்களில் அடிக்கடி போடும் மூன்று முனைக் கிரீடம் எல்லாருக்கும் தெரியும். கறுப்புத் தாளில் பிள்ளைகள் தங்கள் முகத்தை ஆயில் பாஸ்டலால் வரைந்து, தலைக்கு மேல் ஒரு கிரீடம் போட்டார்கள். அரைமணி நேரத்தில் முடிந்தது, சுவரில் மாட்டியபோது கண்ணைப் பறித்தது. ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டேன். "கிரீடம் போடுவாரே, அவர்" என்றான் ஒரு பையன். அதற்கு மேல் ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை, நான் கொடுத்ததே அவ்வளவுதான். 1968-ல், ஏழு வயதில், பாஸ்கியா கார் மோதி மருத்துவமனையில் கிடந்தார். அம்மா அவருக்கு வாங்கிக் கொடுத்தது மனித உடலின் எலும்பும் தசையும் படம் படமாக இருக்கும் ஒரு மருத்துவப் புத்தகம். பின்னாளில் அவர் ஓவியங்களில் மண்டையோடும் கை எலும்பும் அவற்றின் பெயர்களும் வந்துகொண்டே இருந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கிரீடத்தை மட்டும் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு எலும்புப் படத்தைக் கொடுத்து, பார்த்து வரைந்து பெயர் எழுதச் சொன்னால் அது பாஸ்கியாவுக்கு நெருக்கமாக இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு அவரை மறுபடி எடுக்க மாட்டேன்.

அந்த அனுபவத்திலிருந்து இந்த முறை ஒரே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். ஓவியரின் கை செய்த வேலையில் ஏதாவது ஒன்றைப் பிள்ளையின் கையும் செய்ய வேண்டும், அதைச் செய்யும்போதே வரலாறு உள்ளே வர வேண்டும். முதல் பத்து நிமிடம் கதை, அப்புறம் தனியாக ஒரு கைவேலை என்று பிரித்தால் இரண்டும் ஒட்டுவதில்லை.

எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் ஆல்மா தாமஸ். ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸில் 1891-ல் பிறந்தவர். 1907-ல் குடும்பம் வாஷிங்டனுக்கு வந்தது. வாஷிங்டனின் ஹவர்டு (Howard) பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் 1924-ல் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். அதன் பிறகு 35 வருடம் வாஷிங்டனில் ஒரே பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகுதான் இன்று நாம் கொண்டாடும் படங்களை வரைந்தார். சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்கள், நடுவில் வெள்ளை இடைவெளி, வட்டம் வட்டமாக அல்லது வரிசை வரிசையாக. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் 1972-ல் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தபோது வயது 80. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல் முறை. சிறுவயதில் அருங்காட்சியகத்துக்குள் போகவே முடியாது, அங்கே நம் படம் தொங்கும் என்று எங்கே நினைப்பது என்று அப்போது சொன்னார்.

வேலை மிகச் சுலபம். வண்ணத் தாளை விரல் நகம் அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு வட்டத்தில் தொடங்கி வெளியே ஒட்டிக்கொண்டே வர வேண்டும். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆறு வயதுப் பிள்ளையும் செய்யும், கைநடுக்கம் உள்ள பிள்ளையும் செய்யும். துண்டுகள் ஒன்றை ஒன்று தொடாமல் ஒட்டச் சொல்வது மட்டும்தான் சிரமம், ஆனால் படத்தின் உயிரே அந்த வெள்ளைக் கோட்டில்தான் இருக்கிறது. குறை என்று சொன்னால், கை வேலை செய்யும்போது வரலாறு வெளியே நின்றுவிடுகிறது. மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமையைவிட அழகையும் மகிழ்ச்சியையும்தான் நிறத்தின் வழியாகத் தேடினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் அவர் படத்தில் போராட்டத்தைத் தேடித் திணிப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பாலர் வகுப்புக்கும் முதல் வகுப்புக்கும் இதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை. கறுப்பினக் கலைஞர் என்றாலே துயரம் என்று பிள்ளைகள் முடிச்சுப் போடாமல் இருக்கவும் அவர் வேண்டும்.

அடுத்து ஒட்டுப் போர்வைகள். பழந்துணியை வெட்டிச் சேர்த்துத் தைப்பதை இங்கே க்வில்ட் என்கிறார்கள். என் பாட்டி நைந்த புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் படுத்து வளர்ந்தவள் என்பதால் இந்தப் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம். முதலில் ஒரு எச்சரிக்கை. தப்பி ஓடும் அடிமைகளுக்கு வழி காட்ட வேலியில் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள், ஒவ்வொரு கட்டமும் ஒரு ரகசியக் குறி என்று சொல்லி, தாளில் அந்தக் கட்டங்களைச் செய்ய வைக்கும் பாடம் பல பள்ளிகளில் ஓடுகிறது. 1999-ல் வந்த ஒரு புத்தகம் பரப்பிய கதை இது. அந்தக் காலத்துப் போர்வைகளிலோ, தப்பி வந்தவர்கள் எழுதி வைத்த வரலாறுகளிலோ இதற்குச் சான்று இல்லை என்பதால் வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. தப்பி வந்தவர்கள் நிஜமாகப் பட்ட பாடே போதுமான அளவு பெரிய கதை.

உண்மையான போர்வைகள் வேண்டுமென்றால் அலபாமாவின் ஜீஸ் பெண்டு இருக்கிறது. அலபாமா ஆறு வளைத்துக்கொண்டு போகும் ஒரு நிலம், அதில் முன்பு பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த ஊர். வேலைக்குப் போட்டுத் தேய்ந்த ஜீன்ஸையும் சட்டைகளையும் கொண்டு அந்தப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் விட்னியிலும் மாட்டப்பட்டன, 2006-ல் தபால்தலைகளாகவும் வந்தன. 1942-ல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடம் அதில் அப்படியே தெரியும். அப்புறம் 1960-களில், ஊர்க்காரர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் புறப்பட்டபோது, ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்தையே அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். 2006-ல்தான் அது திரும்ப வந்தது. ஒரு தாளில் ஆற்றின் வளைவை வரைந்து காட்டினாலே எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

ஆனால் இதை வகுப்பில் எப்படிச் செய்வது? வண்ணத் தாளை வெட்டி ஒட்டினால் அது தாள்தான், தேய்ந்த முழங்கால் அதில் வராது. துணி வேண்டும், ஒவ்வொரு வீட்டுப் பழந்துணியும் வேண்டும், ஊசி வேண்டும். 24 பேர் கையில் ஊசியைக் கொடுத்து 90 நிமிடத்தில் எதையும் முடிக்க முடியாது. என் மகள் இரண்டு துண்டுகளை இணைக்கவே ஒரு மாலை நேரம் முழுக்க ஆனது. பள்ளி முடிந்த பிறகு வாராவாரம் கூடும் தையல் குழு ஏதாவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். இந்தியப் பெற்றோருக்கு இன்னொரு சேதியும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

ஊசி இல்லாத வழி ஃபெய்த் ரிங்கோல்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர், 2024-ல் 93 வயதில் மறைந்தார். நடுவில் ஓவியம், சுற்றிலும் துணிக் கட்டங்கள், ஓரத்தில் எழுத்தில் கதை என்பது அவர் பாணி. 1988-ல் செய்த 'தார் பீச்' (தார் பூசிய மொட்டைமாடியே கடற்கரை) போர்வையில், கோடை இரவில் மொட்டைமாடியில் பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் விரிப்பில் படுத்திருக்கிறார்கள். எட்டு வயது கேஸி மேலே எழும்பி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல் பறக்கிறாள். மொட்டைமாடியில் படுத்து வானம் பார்த்தவர்கள் நாம், நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வகுப்பில் பெரும்பாலும் 'நீ எங்கே பறப்பாய்' என்று கேட்டு டிஸ்னிலேண்டுக்கு மேல் பறக்கும் 24 படங்களோடு முடித்துவிடுகிறார்கள். கேஸி வேடிக்கைக்குப் பறக்கவில்லை. எதன் மேல் பறக்கிறாளோ அது அவளுடையதாகிறது. பாலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த அப்பாவைத் தொழிற்சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் அந்தச் சங்கத்தின் கட்டடத்துக்கு மேலும் அவள் பறந்து அதை அப்பாவுக்குக் கொடுக்கிறாள். கேள்வியை 'யாருக்கு எது மறுக்கப்பட்டது, எதன் மேல் பறந்து அதை வாங்கித் தருவாய்' என்று மாற்றினால் இந்தப் பாடம் எழுந்து நிற்கும். இரண்டாம் வகுப்புக்கு நான் இதைத்தான் சொல்வேன். என் பட்டியலில் கடைசி வரை நின்ற இரண்டில் இது ஒன்று.

மற்றொன்று ஜேக்கப் லாரன்ஸ்.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவின் தென்மாநிலங்களை விட்டுக் கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் கிளம்பினார்கள். 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறக்குறைய 60 லட்சம் பேர். லாரன்ஸின் பெற்றோரும் அப்படி வந்தவர்கள். 13 வயதில் ஹார்லெமுக்கு வந்து சேர்ந்த பையனை, அம்மா பள்ளி முடிந்த நேரத்தில் ஓர் ஓவிய வகுப்பில் விட்டார். வீட்டுக் கம்பளத்தின் கோலங்களைப் பார்த்து கிரயானில் போட்டுப் பழகியவர், 23 வயதில் அந்தப் பெரும் இடப்பெயர்ச்சியை 60 படங்களாக வரைந்தார். 1940-லும் 1941-லும் வரைந்தவை. ஒவ்வொன்றும் 18-க்கு 12 அங்குலம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாக்கியம். ஹார்லெமின் 135-ஆம் தெரு நூலகத்தில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்து, வாக்கியங்களை முதலில் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் படத்துக்கு வந்தார். மனைவியாகப்போகிற க்வெண்டலின் நைட்டும் பலகைகளைத் தயார் செய்யக் கூட உழைத்தார். இப்போது ஒற்றைப்படை எண் படங்கள் வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தில், இரட்டைப்படை எண் படங்கள் நியூயார்க் நவீன ஓவிய அருங்காட்சியகத்தில். 60 படங்களையும் இணையத்தில் பார்க்கலாம்.

நான் இவரிடம் வந்து நின்றதற்குக் காரணம் அவர் வேலை செய்த முறை. 60 பலகைகளிலும் கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஒரு நிறத்தைக் கலக்கி, அந்த நிறம் வர வேண்டிய இடங்களை எல்லாப் பலகைகளிலும் தீட்டி முடிப்பார். கறுப்பில் தொடங்கி, மெல்ல மெல்ல வெளிர் நிறங்களுக்கு வருவார். 60 படமும் ஒரே படம்போல இருப்பது அதனால்தான். இதை வகுப்புக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது பாருங்கள். முதல் 45 நிமிடத்தில் 24 பிள்ளைகளும் ஆளுக்கு ஓர் அட்டையில், லாரன்ஸின் பலகையில் நீளத்திலும் அகலத்திலும் பாதி, அதாவது 9-க்கு 6 அங்குலம், பென்சிலில் வரைகிறார்கள். இரண்டாவது 45 நிமிடத்தில் எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் கறுப்பு. அப்புறம் எல்லார் கையிலும் பழுப்பு, அப்புறம் கரும்பச்சை, நீலம், செம்மஞ்சள், கடைசியில் மஞ்சள். ஒரு நிறத்துக்கு ஆறு நிமிடம். யாரும் தூரிகையைக் கழுவவே வேண்டாம், நிறம் மாறும்போது தூரிகைத் தட்டே மாறிவிடும். ஒரே ஒரு கைகழுவும் தொட்டி என்ற என் கவலை அங்கேயே தீர்ந்தது! தண்ணீரில் கரைக்கும் டெம்பரா சாயத்தில் தண்ணீர் கூடிவிட்டால் மட்டும் காயாமல் அடுத்த நிறத்தோடு கலந்துவிடுகிறது. கட்டியாகவே கொடுங்கள்.

ஓவியம் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை என்ற வித்தியாசமும் இதில் குறைகிறது. லாரன்ஸின் மனிதர்கள் பெரும்பாலும் முகத்தில் கண் மூக்கு இல்லாத, கோணம் கோணமான உருவங்கள். மூட்டை தூக்கிக் குனிந்து நடக்கும் கூட்டத்தை முக்கோணமாகவே போட்டிருக்கிறார், மேலே பறவைகள் பறக்கின்றன. இதை யாரும் வரையலாம்.

கதையை 24 வாக்கியங்களாக நான் பிரித்து வைத்திருக்கிறேன். வடக்கே தொழிற்சாலைகளில் ஆள் தேவைப்பட்டது. தெற்கே பருத்தியைக் காய்வண்டு தின்றது. நீதிமன்றத்தில் நீதி கிடைக்கவில்லை. வடக்கிலிருந்து கடிதங்கள் வந்தன. ரயில் நிலையம் நிரம்பி வழிந்தது. புதிய ஊரில் வீடு நெருக்கடியாக இருந்தது, அங்கேயும் விரோதம் இருந்தது. பிள்ளைகள் நல்ல பள்ளிக்குப் போனார்கள். பெரியவர்கள் ஓட்டுப் போட்டார்கள். லாரன்ஸ் வடக்கைச் சொர்க்கமாகக் காட்டவில்லை, நாமும் காட்டக் கூடாது. 58-ஆம் படத்தில் மூன்று சிறுமிகள் கரும்பலகையில் எண்கள் எழுதுகிறார்கள். அதை எந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் சந்தோஷப்படும்.

சங்கடமும் இதில்தான் அதிகம். 15-ஆம் படத்தில் ஒரு மரக்கிளை, அதில் தொங்கும் வெறும் சுருக்குக் கயிறு, கீழே குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். கும்பல் கொலைகளைப் பற்றிய படம். அதை எட்டு வயதுப் பிள்ளைகள் முன் திரையில் போடப் போவதில்லை. உயிருக்குப் பயந்தும் கிளம்பினார்கள், சட்டம் அவர்களைக் காப்பாற்றவில்லை என்று வாயால் சொல்வேன். அதை எந்தச் சொற்களில் சொல்வது என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன், பெற்றோருக்கு ஒரு கடிதமும் போகும். வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லேன் என்று அவர்களில் யாரையும் கேட்கப் போவதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

இன்னொரு இடத்தில் நான் என்னையே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. முதலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் ஊர் மாறி வந்த கதையை வரையட்டும் என்றுதான் திட்டம் போட்டேன். எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். நாங்கள் விசா முத்திரையோடு, வேலை உத்தரவோடு, விமானத்தில் வந்தோம். அவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே, தாங்களும் தங்கள் முன்னோரும் உழைத்த மண்ணை விட்டு, சில சமயம் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். இரண்டையும் ஒரே சுவரில் மாட்டினால் அவர்கள் கதை கரைந்துபோகும். அதனால் 24 அட்டையும் அந்தப் பெயர்ச்சியின் கதையையே சொல்லும். நம் கதைக்கு வேறொரு நாள் வரும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசையில் சோதனை செய்தபோது என் மகள், "அம்மா, ஸ்கின் கலர் எங்கே?" என்று கேட்டாள். அவள் கேட்டது வெளிர் ரோஜா. பழுப்புக் கையை நீட்டிக்கொண்டுதான் கேட்டாள். கிரயோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு 'சதை' என்று வைத்திருந்த பெயரை 1962-லேயே 'பீச்' (பீச் பழ நிறம்) என்று மாற்றிவிட்டது. 2020-ல் பல மனிதத் தோல் நிறங்களில் 24 கிரயான்கள் கொண்ட பெட்டியும் கொண்டுவந்தது. எங்கள் வீட்டுப் பேச்சுதான் இன்னும் மாறவில்லை. ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் "பாப்பா கறுத்துப்போயிட்டாளே" என்று கேட்டு வளர்கிற பிள்ளை அவள். இரண்டாவது 45 நிமிடத்தில் எல்லாரும் சேர்ந்து பழுப்பைக் கலக்கும் அந்த ஆறு நிமிடத்துக்காகவே லாரன்ஸை எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, மூன்றாம் வகுப்புக்கு லாரன்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டை, சாயம், தூரிகை எல்லாம் சேர்த்து 40 டாலருக்குள் அடங்கும்.

ஒரு யோசனையை மட்டும் கைவிட மனமில்லை. தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் டேவ் என்ற குயவர் அடிமையாக இருந்தார், விடுதலைக்குப் பிறகு டேவிட் டிரேக். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதை 1834-ல் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் அது. அங்கே அவர் முழுக்கக் காயாத ஜாடியின் தோளில் தன் பெயரையும் தேதியையும் எழுதினார், சிலவற்றில் ஈரடிப் பாட்டும் எழுதினார். ஜாடி எவ்வளவு கொள்ளும் என்பதையே ஒன்றில் எதுகையோடு சொல்கிறார். 1857 ஆகஸ்ட் 16-ஆம் தேதியிட்ட ஜாடியில் இருப்பது இது: என் உறவெல்லாம் எங்கே இருக்கிறதோ, எல்லாருக்கும், எல்லா நாட்டாருக்கும் என் நட்பு. களிமண்ணைத் திரித்துச் சுற்றி ஒரு சின்ன ஜாடி செய்து, காய்வதற்குள் குச்சியால் இரண்டு வரி கீற வேண்டும். என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆனால் 90 நிமிடத்தில் முடியாது. மண் பாதி காய்ந்த பதத்தில்தான் எழுத்து நிற்கும், ஈரமாக இருந்தால் இழுபடுகிறது, காய்ந்துவிட்டால் உதிர்கிறது. பாட்டு எழுதவும் பிள்ளைகளுக்கு ஒரு தனி நாள் வேண்டும்.

கறுப்பினக் கலைஞர்களைப் பிப்ரவரியில் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஏப்ரல் இங்கே கவிதை மாதம். மொழி வகுப்பில் எதுகை சொல்லித்தரும் வாரத்தோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன், மூன்று நாள் தருகிறேன் என்றார். சூளை வேண்டாத, காற்றில் காயும் களிமண் ஒரு பிள்ளைக்கு அரை கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறேன். இந்த வார இறுதியில் ஒரு ஜாடி செய்து பார்த்துவிட்டு, அளவு போதுமா என்று சொல்கிறேன்.